எந்த மிரட்டல் வழக்காகிறது?

கேட்கப்பட்டது இது: அமெரிக்கத் தேர்தலில் ஒரு வேட்பாளரைக் கொல்வேன் என்று எழுதியவரை மறுநாளே கைது செய்கிறார்கள். எதிரணி வேட்பாளரைப் பற்றி அதே மாதிரி எழுதியவர் ஜாலியாக வெளியே சுற்றுகிறார். இது அப்பட்டமான கட்சிப் பாரபட்சம் இல்லையா? மாட்டிக்கொண்டவர் "என்னை மட்டும் ஏன் பிடித்தீர்கள்" என்று நீதிமன்றத்தில் கேட்க முடியாதா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கேட்கலாம். கேட்டு ஜெயிப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். ஏன் என்று பின்னால் வருகிறேன்.

பாரபட்சம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. ஆனால் எல்லோரும் தேடுகிற இடத்தில் இல்லை. "இந்தக் கூட்டத்துக்கு வந்து உன் தலையில் சுடுவேன்" என்கிற அளவுக்குத் தெளிவான மிரட்டலைக் கட்சி பார்த்து விட்டுவிடுவது அரிது. எந்த அரசு வழக்கறிஞரும் அந்தக் கோப்பை மூடிவைக்கத் துணியமாட்டார். நாளைக்கு ஏதாவது நடந்துவிட்டால் கையெழுத்துப் போட்டவர் தலை உருளும். இரண்டு விதமாகவும் படிக்கக்கூடிய பேச்சு இருக்கிறதே, நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது அங்கேதான் வேலை செய்யும்.

தெளிவான மிரட்டலுக்குச் சில உதாரணங்கள். 2018 அக்டோபரில் ஒபாமா, ஹிலாரி கிளிண்டன், ஜோ பைடன், சி.என்.என். அலுவலகம் என்று வரிசையாகக் குழாய் வெடிகுண்டுப் பார்சல்கள் போயின. அனுப்பியவர் டிரம்பின் தீவிர ஆதரவாளர். தன் வேன் முழுக்க டிரம்ப் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தவர். அப்போது ஆட்சியும் டிரம்புடையதுதான். அந்த அரசின் வழக்கறிஞர்களே 65 குற்றச்சாட்டுகளைப் போட்டு, எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள வைத்து, 2019-இல் 20 ஆண்டு சிறை வாங்கிக் கொடுத்தார்கள். 2023 டிசம்பரில் நியூ ஹாம்ப்ஷயரில் ஒருவர், குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராகத் தேர்வாகப் போட்டியிட்ட விவேக் ராமசாமியின் பிரசாரக் கூட்டத்துக்கு அழைப்பு விடுத்து வந்த குறுஞ்செய்திக்கு, வந்து தலையைச் சிதறடிப்பேன் என்ற பொருளில் பதில் அனுப்பினார். உடனே கைது. அப்போது ஆட்சி ஜனநாயகக் கட்சியின் பைடனுடையது. 2024 ஆகஸ்டில், அதே பைடன் ஆட்சியில், கெட்டர் என்ற சமூக வலைத்தளத்தில் கமலா ஹாரிஸைக் கொல்வேன் என்று எழுதிய விர்ஜீனியாக்காரர் மீதும் வழக்குப் பதிவானது. குண்டு அனுப்பியது மிரட்டலைத் தாண்டிய விஷயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஆளும் கட்சியின் ஆதரவாளர் என்பது அவரைக் காப்பாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அடுத்து, செய்தித் தலைப்பில் வராத ஒன்று. யாரை மிரட்டினீர்கள் என்பதைப் பொறுத்துச் சட்டப் பிரிவே மாறும்.

பதவியில் இருக்கும் அதிபர், துணை அதிபரை மிரட்டினால் ஃபெடரல், அதாவது மத்திய அரசின், குற்றச் சட்டத்தில் 871-ஆம் பிரிவு. 1917-இல் வந்த பழைய சட்டம். முன்னாள் அதிபர்கள், அதிபர் அல்லது துணை அதிபர் பதவிக்கு நிற்கும் "முக்கிய வேட்பாளர்கள்", அவர்கள் குடும்பத்தார் என்றால் 879. அது 1982-இல் வந்தது. காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்ற, உறுப்பினரை அவர் அலுவல் காரணமாக மிரட்டினால் 115. கொலை மிரட்டலுக்கு 10 ஆண்டு வரை போகலாம். இதில் எதிலும் சிக்காதவர்களுக்கு, அதாவது மாநில எல்லை தாண்டிப் போகும் எந்த மிரட்டலுக்கும், 875-இன் சி உட்பிரிவு. அதிகபட்சம் 5 ஆண்டு.

இதன் விளைவைப் பாருங்கள். ஒரே தொகுதியில் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் ஏற்கெனவே உறுப்பினர், மற்றவர் புதிதாகப் போட்டியிடும் ஆசிரியை என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஆள் இரண்டு பேருக்கும் ஒரே குரல் செய்தியை விட்டுவைக்கிறார். உறுப்பினருக்கு வந்த செய்தி, மிரட்டல்களை ஆராய்வதற்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கும் கேப்பிடல் போலீஸுக்கு, அதாவது நாடாளுமன்றத்தின் காவல் படைக்கு, போகிறது. ஆசிரியைக்கு வந்தது உள்ளூர் ஸ்டேஷனுக்குப் போகிறது. அங்கே அன்றைக்கு யார் பணியில் இருக்கிறாரோ அவர் கையில் அந்தப் புகாரின் விதி. முதல் வழக்கு பெரிதாகி இரண்டாவது புஸ்ஸென்று போனால் ஊர் "கட்சிப் பாரபட்சம்" என்று கத்தும். உண்மையில் அது பதவிப் பாரபட்சம். உட்கார்ந்திருப்பவருக்குச் சாதகம், உட்கார முயல்பவருக்குப் பாதகம். சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள் என்பதால் யாரையும் குற்றம் சொல்லவும் முடியாது.

அந்த "முக்கிய வேட்பாளர்" என்ற சொல் இன்னொரு வேடிக்கை. வேட்பாளர்களுக்கு, அதிபரைக் காக்கும் அமைப்பான சீக்ரெட் சர்வீஸின் காவல் என்ற ஏற்பாடே 1968 ஜூனில் ராபர்ட் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு வந்தது. யார் முக்கிய வேட்பாளர் என்று முடிவெடுப்பவர் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் செயலாளர், அதாவது ஆளும் அதிபரின் அமைச்சர். அவர் கலந்தாலோசிக்க வேண்டிய குழுவில் பிரதிநிதிகள் அவையின் சபாநாயகர், அதன் சிறுபான்மைத் தலைவர், செனட்டின் பெரும்பான்மை, சிறுபான்மைத் தலைவர்கள் என நான்கு பேர், அவர்கள் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் ஐந்தாவது ஆள் ஒருவர். அந்த நால்வரும் இரண்டு பெரிய கட்சிக்காரர்கள். 2024 தேர்தலுக்குச் சுயேச்சையாகக் களமிறங்கியவர், அதே ராபர்ட் கென்னடியின் மகன். மாதக்கணக்கில் காவல் கேட்டார், மறுத்துக்கொண்டே இருந்தார்கள். ஜூலை 13 அன்று பென்சில்வேனியாவின் பட்லரில் டிரம்ப் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அடுத்த சில நாட்களிலேயே கென்னடிக்கும் காவல் கிடைத்தது. 879-ஆம் பிரிவு "முக்கிய வேட்பாளர்" என்பதற்கு இதே காவல் பட்டியலைத்தான் சுட்டுகிறது. ஆகவே பட்டியலுக்கு வெளியே நிற்பவரை மிரட்டினால் அந்தப் பிரிவு பொருந்துவதே சந்தேகம். இதில் அரசியல் இல்லை என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

சரி, இனி சொற்களுக்கு வருவோம். மிரட்டல் வழக்குகளில் பாதி சண்டை, சொன்னது நிஜமான மிரட்டலா அல்லது வாய்க்கொழுப்பா என்பதுதான்.

1966 ஆகஸ்ட் 27. வாஷிங்டன் நினைவுத்தூண் அருகே ஒரு கூட்டம். பெரும்பாலும் இளைஞர்கள், சின்னச் சின்னக் குழுக்களாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். வாட்ஸ் என்ற 18 வயதுப் பையன், கட்டாய ராணுவ சேவைக்குத் தனக்கு அழைப்பு வந்திருக்கிறது, திங்கட்கிழமை உடல் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், நான் போகப்போவதில்லை என்கிறான். கையில் துப்பாக்கியைத் திணித்தால் நான் முதலில் குறிவைக்க விரும்புவது எல்.பி.ஜே.யைத்தான் என்கிறான். அதிபர் லிண்டன் ஜான்சனைச் சொல்கிறான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்காத ஒருவரும் அந்தக் குழுவில் இருந்தார்: ராணுவ உளவுப் பிரிவின் விசாரணையாளர். பையனுக்கு 871-ஆம் பிரிவில் தண்டனை கிடைத்தது. 1969-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நிபந்தனை போட்டுச் சொன்னது, கேட்டவர்கள் சிரித்தது, அரசியல் பேச்சு என்றாலே காரமும் கரடுமுரடும் இருக்கும் என்பது, எல்லாம் சேர்ந்து இது அரசியல் மிகைப்பேச்சு என்று முடித்தார்கள்.

எல்லோரும் இந்த வழக்கில் தீர்ப்பை மேற்கோள் காட்டுவார்கள். எனக்குக் கண்ணில் படுவது அந்த விசாரணையாளர். போருக்கு எதிரான பேச்சு நடந்த இடத்தில் ராணுவத்தின் காது இருந்தது. போருக்கு ஆதரவான கூட்டங்களில் அதே மாதிரி ஒரு காது உட்கார்ந்திருக்குமா? அங்கேயும் எவனாவது ஒரு பையன் வாய்க்கு வந்ததைப் பேசித்தான் இருப்பான். அது கோப்பாகவே ஆகியிருக்காது.

இன்னொரு வழக்கு, இது நேராக வேட்பாளரைப் பற்றியது. 2008 அக்டோபர் 22, நள்ளிரவு தாண்டிய நேரம். கலிபோர்னியாவில் பாக்தாசேரியன் என்பவர் யாஹூவின் பங்குச்சந்தை அரட்டைப் பக்கம் ஒன்றில் ஒபாமாவைப் பற்றி இனவெறிச் சொல்லோடு இரண்டு பதிவுகள் போடுகிறார். ஒன்றில், சீக்கிரமே அவர் தலையில் 50 காலிபர் குண்டு இறங்கும் என்கிறார். மற்றதில், சுடுங்கள் என்று ஏவுகிறார். அதே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற விமானப் படை அதிகாரி ஒருவர் சீக்ரெட் சர்வீஸுக்குத் தகவல் சொல்ல, அவர்கள் தேடிப் பிடிக்கிறார்கள். வீட்டில் துப்பாக்கிகள் கிடைக்கின்றன. அதில் ஒன்று 50 காலிபர் ரைபிளேதான். கீழ் நீதிமன்றம் 879-இல் குற்றவாளி என்றது. 2011-இல் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. "இறங்கும்" என்பது ஆரூடம், "சுடுங்கள்" என்பது பிறரை ஏவுவது, "நான் சுடுவேன்" என்று அவர் எங்கும் சொல்லவில்லை என்பது வாதம். எழுதியவர் ஜிம்மி கார்ட்டர் நியமித்த, தாராளவாதி என்றே பெயர் வாங்கிய நீதிபதி ரைன்ஹார்ட். சேர்ந்து கையெழுத்திட்டவர் ரீகன் நியமித்த கொசின்ஸ்கி. முரண்பட்டவர் கிளிண்டன் நியமித்த வார்ட்லா. யார் நியமித்தார் என்பதை வைத்து இந்தத் தீர்ப்பை முன்கூட்டிச் சொல்லியிருக்கவே முடியாது. நீதிபதிகளைப் பற்றிய அவநம்பிக்கையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம் என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் சொன்ன கவுண்டர்மேன் தீர்ப்பு இதில் ஒரு குறைந்தபட்ச அளவை வைத்தது. தன் சொல்லை மற்றவர் மிரட்டலாக எடுத்துக்கொள்வார் என்ற கணிசமான ஆபத்து தெரிந்தும் அதைப் பொருட்படுத்தாமல் பேசியிருக்க வேண்டும். கேட்டவர் பயந்தார் என்பது மட்டும் போதாது. ஆகவே இப்போது அரசுத் தரப்பு, பேசியவர் மனதில் என்ன இருந்தது என்று காட்ட வேண்டும். ஒரே வாக்கியத்தை எழுதிய இரண்டு பேரில் ஒருவர், நிறுத்துங்கள் என்று சொன்ன பிறகும் பத்து முறை அனுப்பியவர். மற்றவர் குடித்துவிட்டு ஒரு முறை எழுதிக் காலையில் அழித்தவர். முதலாமவர் மீது வழக்கு நிற்கும். இரண்டாமவர் மீது நிற்காமல் போகலாம். வெளியே இருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே ஸ்கிரீன்ஷாட்தான்.

தண்டனையிலும் அப்படித்தான். ஃபெடரல் தண்டனை வழிகாட்டியில் குற்றத்தின் கடுமைக்கு ஒரு எண் உண்டு, அதை நிலை என்பார்கள். மிரட்டலுக்கு அடிப்படை நிலை 12. செய்துமுடிக்கும் நோக்கம் நடத்தையில் தெரிந்தால் 6 கூடும். ஒரே ஒரு முறை, யோசிக்காமல் கொட்டியது என்றால் 4 குறையும். முன்குற்றம் இல்லாதவருக்கு நிலை 8 என்றால் 0 முதல் 6 மாதம்; நிலை 18 என்றால் 27 முதல் 33 மாதம். ஒருவருக்கு நன்னடத்தைக் கண்காணிப்பு, இன்னொருவருக்கு இரண்டரை வருடம் என்று செய்தி வந்தால், கட்சியைத் தேடும் முன் இந்தக் கணக்கைத் தேடுங்கள். துப்பாக்கி வாங்கினாரா, வீட்டு முகவரியைத் தேடினாரா, எத்தனை முறை எழுதினார் என்பவைதான் பெரும்பாலும் வித்தியாசத்தை உண்டாக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் "பாரபட்சம் போலத் தெரிவது, ஆனால் இல்லை" என்ற வகை. இனி நிஜமான இடத்துக்கு வருகிறேன்.

கேப்பிடல் போலீஸ் ஆராய்ந்த மிரட்டல்களும் கவலைக்குரிய பேச்சுகளும் 2021-இல் 9,625, 2022-இல் 7,501, 2023-இல் 8,008, 2024-இல் 9,474. இவற்றில் வழக்காவது மிகச் சிறு பகுதி. தேர்தல் பணியாளர்களை மிரட்டுவோரைக் கவனிக்க 2021-இல் ஒரு தனிப்படை அமைத்தார்கள். முதல் ஒரு வருடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகார்களைப் பார்த்தார்கள். ஃபெடரல் குற்ற விசாரணைக்குத் தகுதியானவை என்று அவர்கள் கருதியது ஏறக்குறைய 11 சதவீதம். அந்த நிலையில் நீதிமன்றம் வரை போனவை விரல் விட்டு எண்ணக்கூடியவை.

அதாவது நூறு புகார் வந்தால் கிட்டத்தட்ட தொண்ணூறு அடுத்த மேசைக்கே போவதில்லை. அந்தத் தொண்ணூறும் ஏன் விடப்பட்டன என்று யாரும் விளக்கம் எழுதி வெளியிடுவதில்லை. வழக்குப் போட்டால் பத்திரிகைக் குறிப்பு வரும், குற்றப்பத்திரிகை வரும், தீர்ப்பு வரும். போடாவிட்டால் ஒரு காகிதமும் வராது. பாரபட்சம் இருந்தால் அது குடியிருப்பது இங்கே. இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுபவர்கள், வலையில் விழுந்த இரண்டு மீன்களைப் பார்த்து வலையின் ஓட்டையைக் கணிக்கிறார்கள்.

இதோடு சேர்த்து, புகார் எங்கிருந்து வருகிறது என்றும் பார்க்க வேண்டும். பணமுள்ள பிரசாரக் குழுவில் இதற்கென்றே ஆள் இருப்பார். வரும் ஒவ்வொரு ஆபாசக் குரல் செய்தியையும் தேதி போட்டுச் சேமித்து எஃப்.பி.ஐ.க்கு அனுப்புவார். ஏழை வேட்பாளர் எரிச்சலில் அழித்துவிடுவார். பள்ளிக் குழுத் தேர்தலில் நிற்பவருக்கு யாரிடம் சொல்வது என்றே தெரியாது. போலீஸ்காரர் மனதில் துளி பாரபட்சம் இல்லாவிட்டாலும், வந்து சேரும் குவியலே ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். 1985-இல் உச்ச நீதிமன்றம் இதே மாதிரி ஒன்றை வேய்ட் வழக்கில் ஏற்றுக்கொண்டது. ராணுவப் பதிவுக்கு வராதவர்கள் ஆறரை லட்சத்துக்கும் மேல். அரசு பிடித்தது, "நான் பதிவு செய்யமாட்டேன்" என்று தாங்களே கடிதம் எழுதியவர்களையும் பிறர் காட்டிக்கொடுத்தவர்களையும் மட்டும். வெளிப்படையாக எதிர்த்தவர்களைக் குறிவைத்துப் பிடித்தது போலத்தான் இருக்கிறது. ஆனால் கைக்கு வந்ததை எடுத்தோம் என்ற அரசின் விளக்கம் செல்லும் என்றது நீதிமன்றம்.

இப்போது மங்கலான பேச்சு. மூன்று சம்பவங்களைச் சொல்கிறேன். இவற்றில் மிரட்டப்பட்டதாகச் சொல்லப்பட்டவர்கள் அந்த நேரத்தில் வேட்பாளர்கள் அல்ல. ஆனால் நான் காட்ட வருவது வழக்கறிஞரின் கையை. அந்தக் கை ஒன்றேதான்.

2020 மார்ச் 4 அன்று ஜனநாயகக் கட்சியின் செனட்டர் சக் ஷூமர், உச்ச நீதிமன்ற வாசலில் நடந்த கூட்டத்தில், கோர்சச், கவனா என்ற இரண்டு நீதிபதிகளைப் பெயர் சொல்லி, சூறாவளியைக் கிளப்பிவிட்டீர்கள், விலை கொடுப்பீர்கள் என்று பேசினார். தலைமை நீதிபதி கண்டித்தார். மறுநாள் ஷூமரே அந்த வார்த்தைகளைப் பயன்படுத்தியிருக்கக் கூடாது என்றார். எல்லோரும் மறந்த பிறகு, 2025 தொடக்கத்தில், டிரம்ப் நியமித்த வாஷிங்டனின் இடைக்கால அரசு வழக்கறிஞர் அந்தப் பேச்சுக்கு விளக்கம் கேட்டு ஷூமருக்குக் கடிதம் அனுப்பினார். பெரும்பாலான ஃபெடரல் குற்றங்களுக்குக் காலவரம்பு 5 ஆண்டு. அது தீர ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமே இருந்தது.

2024 அக்டோபர் 31 அன்று, அரிசோனாவின் கிளெண்டேலில், வேட்பாளர் டிரம்ப் தன் கட்சியைச் சேர்ந்த எதிராளி லிஸ் செய்னியைப் பற்றி, அவரைத் துப்பாக்கியோடு நிறுத்தி ஒன்பது குழல்கள் அவரை நோக்கிச் சுட்டால் எப்படி இருக்கும் என்று பேசினார். போரை விரும்புகிறவர்கள் வாஷிங்டனில் சொகுசாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் சுற்றி இருந்த பேச்சு. மறுநாளே, ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த மாநில அட்டர்னி ஜெனரல், அதாவது மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரி, இது மாநிலச் சட்டப்படி கொலை மிரட்டலா என்று பார்க்கச் சொல்லியிருப்பதாகத் தொலைக்காட்சியில் அறிவித்தார். தேர்தலுக்கு நான்கு நாள் இருந்தது.

2025 மே மாதம் எஃப்.பி.ஐ.யின் முன்னாள் இயக்குநர் ஜேம்ஸ் கோமி, கடற்கரையில் கிளிஞ்சல்களால் "8647" என்று எழுதியிருந்ததைப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டார். 86 என்றால் ஹோட்டல் பாஷையில் தூக்கியெறி, ஒழித்துக்கட்டு என்று பொருள். டிரம்ப் 47-ஆவது அதிபர். சீக்ரெட் சர்வீஸ் அவரை அழைத்து விசாரித்தது. பைடன் 46-ஆவது அதிபராக இருந்தபோது "8646" என்று போட்டவர்களும் உண்டு. சட்டையில் அச்சடித்தே விற்றார்கள். கோமி விவகாரம் அப்புறம் எங்கே போனது என்பது இங்கே எனக்கு முக்கியமில்லை. விசாரணை தொடங்கிய அந்தப் புள்ளிதான் முக்கியம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

மூன்றிலும் பொதுவானதைப் பாருங்கள். பேச்சு மேடையிலோ பொதுவெளியிலோ நடந்தது. யாருக்கும் நேராக அனுப்பப்படவில்லை. வாட்ஸ் வழக்கின் அளவுகோலை வைத்தால் மூன்றும் தேறாது, அது அந்த அதிகாரிகளுக்கும் தெரியும். வழக்காகாது என்று தெரிந்த ஒன்றுக்கு விசாரணை அறிவிப்பதால் என்ன கிடைக்கும்? அறிவிப்பே கிடைக்கும். செய்தியில் ஒரு நாள், எதிராளிக்கு ஒரு வக்கீல் செலவு, அடுத்தவன் வாய் திறக்கும் முன் ஒரு தயக்கம்.

பெரிய மனிதர்களுக்கு இது ஒரு நாள் தலைவலி. சாமானியருக்கு அப்படியில்லை. 2025 செப்டம்பரில் டிரம்ப் ஆதரவுப் பிரசாரகர் சார்லி கிர்க் கொல்லப்பட்ட பிறகு, டென்னசியில் ஓய்வுபெற்ற காவலர் ஒருவர், ஒரு பள்ளித் துப்பாக்கிச் சூட்டைப் பற்றி டிரம்ப் முன்பு சொன்னதை வைத்து வந்த மீம் ஒன்றைப் பகிர்ந்தார். அந்தச் சூடு நடந்தது அயோவாவில் பெர்ரி என்ற ஊர்ப் பள்ளியில். டென்னசியில் பெர்ரி என்ற பெயரில் ஒரு மாவட்டமே உண்டு. உள்ளூர்ப் பள்ளிக்கு மிரட்டல் என்று சொல்லி அவரைப் பிடித்தார்கள். ஜாமீன் தொகை 20 லட்சம் டாலர். 37 நாள் உள்ளே இருந்தார். பிறகு குற்றச்சாட்டைக் கைவிட்டார்கள். நீதிமன்றம் யாரையும் தண்டிக்கவே இல்லை, ஆனால் தண்டனை முடிந்துவிட்டது. அமெரிக்காவில் மாவட்ட ஷெரிஃப் பெரும்பாலும் தேர்தலில் நின்று வருபவர், மாவட்ட அரசு வழக்கறிஞரும் பெரும்பாலான மாநிலங்களில் அப்படியே. எல்லோரும் ஃபெடரல் அரசையே உற்றுப் பார்க்கிறார்கள். நான் அதிகம் பயப்படுவது இந்தக் கீழ்மட்டத்தைத்தான்.

இனி அந்தக் கடைசிக் கேள்வி: "என்னை மட்டும் ஏன்?"

இதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. 1886-இல் இக் வோ வழக்கு. சான் பிரான்சிஸ்கோவில் மரக் கட்டடத்தில் சலவைக் கடை நடத்த அனுமதி கேட்ட சீனர்கள் சுமார் 200 பேருக்கும் மறுப்பு. சீனர் அல்லாத 80 பேரில் ஒருவரைத் தவிர எல்லோருக்கும் அனுமதி. சட்டம் பார்வைக்கு நடுநிலைதான், அதை நடத்துகிற கை கோணல் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த எண்ணிக்கை மாதிரி ஒன்று எல்லோருக்கும் கிடைக்குமா? 1996-இல் ஆர்ம்ஸ்ட்ராங் வழக்கில், ஒரு வருடத்தில் தங்கள் அலுவலகம் முடித்த 24 கிராக் போதைப்பொருள் வழக்குகளிலும் குற்றம் சாட்டப்பட்டவர் கறுப்பினத்தவர் என்று, வசதியில்லாதவர்களுக்கு அரசு செலவில் வாதாடும் வழக்கறிஞர்கள் பட்டியல் காட்டினார்கள். போதாது என்று விட்டது நீதிமன்றம். இதே நிலையில் இருந்தும் வழக்குப் போடப்படாத வேறு ஆட்களைக் காட்ட வேண்டும், அதைக் காட்டினால்தான் அரசின் கோப்புகளைத் திறக்கச் சொல்வோம் என்றது. அந்த ஆட்கள் இருக்கும் இடமே அந்தக் கோப்புதான். பூட்டின சாவி பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. மிரட்டல் வழக்கில் இது இன்னும் கஷ்டம். சொல் கொஞ்சம் மாறினாலும், எண்ணிக்கை மாறினாலும், "இதே நிலை" இல்லை என்று அரசு எழுந்துவிடும்.

நீதித் துறையின் கையேட்டில், ஒருவரின் அரசியல் தொடர்பு, செயல்பாடு, நம்பிக்கை எதையும் வழக்குப் போடும் முடிவில் கணக்கில் எடுக்கக் கூடாது என்று 9-27.260 பத்தி சொல்கிறது. நீதித் துறை என்று பெயரே தவிர அது நீதிமன்றம் அல்ல, அதிபரின் கீழ் உள்ள நிர்வாகத் துறை. நாடு முழுதும் உள்ள 93 அரசு வழக்கறிஞர் பதவிகளும் அதிபர் நியமனம்தான். கையேட்டை மீறினால் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அதை வைத்து எந்த உரிமையும் பிறக்காது. அந்தப் பத்தி உயிரோடு இருந்தது, ஆட்சி மாறினாலும் மாறாமல் உட்கார்ந்திருக்கும் வழக்கறிஞர்கள் இருந்ததால்தான்.

நடைமுறையில் வேலை செய்யும் தடுப்பு வேறு இடத்தில் இருக்கிறது. 2025-இல் வாஷிங்டனில், டிரம்பைக் கொல்வதாக மிரட்டியதாகச் சொல்லிக் கைது செய்யப்பட்ட இந்தியானா பெண் ஒருவர் மீது குற்றம் சாட்ட கிராண்ட் ஜூரி, அதாவது வழக்குப் போடலாமா என்று முடிவு சொல்லும் குடிமக்கள் குழு, மறுத்தது. அரசுத் தரப்பு மட்டுமே பேசுகிற, மூடிய அறை அது. அங்கே மறுப்பது அபூர்வம். குடிமக்கள் மறுத்தார்கள்.

ஆகவே உங்களிடம் உள்ள அந்த இரண்டு வழக்குகளை எடுத்து வையுங்கள். மிரட்டப்பட்டவர் அப்போது பதவியில் இருந்தாரா, காவல் பட்டியலில் இருந்தாரா என்று முதலில் பாருங்கள். "நான் செய்வேன்" என்று இருக்கிறதா, "நடக்கும்", "நடக்கட்டும்" என்று இருக்கிறதா? நேராக அனுப்பினாரா, ஊருக்குப் பேசினாரா? எத்தனை முறை? இத்தனையும் ஒத்துப்போய், ஒன்று மட்டும் வழக்கானால் உங்கள் சந்தேகத்துக்கு நியாயம் இருக்கிறது. ஒத்துப்போகாவிட்டாலும் சந்தேகத்தைக் கைவிட வேண்டாம், கேள்வியை மாற்றுங்கள்: பேச்சு நடந்ததற்கும் விசாரணை தொடங்கியதற்கும் நடுவே எவ்வளவு காலம், அந்த இடைவெளியில் ஆட்சி மாறியதா, செய்தியை முதலில் வெளியிட்டது போலீஸா அல்லது ஒரு அரசியல்வாதியின் பேட்டியா, புகார் கொடுத்தது மிரட்டப்பட்டவரா வேறு யாராவதா. ஷூமருக்குப் போன கடிதத்தில் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கும் பதில் ஒரே பக்கம் காட்டும். நியூ ஹாம்ப்ஷயர் குறுஞ்செய்தியில் ஒன்றுகூடக் காட்டாது.